உளுந்து போடாத மாவு

மாடி வீட்டில் டிவி சத்தம் சட்டென்று ஏறினால் எனக்குக் கையில் இருக்கும் வேலை ஓடாது. சத்தத்துக்குப் பயந்தவள் இல்லை நான். தஞ்சாவூரில் கல்யாண மண்டபத்தை ஒட்டிக் குடியிருப்பவளுக்குச் சத்தமெல்லாம் ஒரு பொருட்டா? நாதஸ்வரம், செண்டை மேளம், மைக்கில் சாப்பிடக் கூப்பிடும் குரல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன். இது வேறு மாதிரி. விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறும். சோப்பு விளம்பரத்தை யாராவது அவ்வளவு சத்தமாக வைத்துக் கேட்பார்களா? அதற்கு அடியில் ஒரு ஆணின் குரல் ஓடும். ஏதோ சுவரில் மோதும். கொஞ்ச நேரம் கழித்து டிவி தணியும்.

அந்த வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை. அப்பா ஓமானில் வேலை போய்த் திரும்பி வந்தவர். காலையில் சீருடையோடு படியிறங்கி வரும்போது, "குட்மார்னிங் ஆன்ட்டி" என்று அவள் முந்திக்கொண்டு சிரிப்பாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எதிரே வருபவரை நம்ப வைக்கிற சிரிப்பு அது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அந்த வயதில் நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

இவ்வளவு தெரிந்த நான் என்ன செய்தேன்? என் வீட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். வாரக்கணக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எழுதவே கூசுகிறது. தெரியாது என்று சொல்லித் தப்பிக்க மற்றவர்களுக்கு வழியிருக்கலாம், எனக்கு இல்லை.

என் வீட்டில் கிரைண்டர் கிடையாது. நெல் விளையும் ஊரில் பிறந்துவிட்டுப் பாக்கெட் மாவு வாங்குகிறாளே என்று என் கணவர் வீட்டில் கிண்டல் செய்வார்கள். தோள்வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் கதையா சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

நான் பிறந்தது கூத்தாநல்லூர் பக்கம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். பாய் வீட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மலேசியா, சிங்கப்பூர் என்று போய்ப் பழகியவர்கள். எங்களைப் போன்ற விவசாயக் குடும்பங்கள் அப்போதுதான் விசாவுக்கு அலைய ஆரம்பித்திருந்தன. காவிரியில் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தையும் கர்நாடகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, ஒருநாள் வயலை அம்மாவிடம் விட்டுவிட்டுச் சவூதிக்கு வண்டி ஓட்டப் போனார்.

வயலை அம்மா நன்றாகவே பார்த்துக்கொண்டாள். அதுதான் பிரச்சினை. ஆள் கூப்பிடுவது, நாற்றுப் பறிப்பது, நடவுக்கு நிற்பது, டிராக்டர்காரரிடம் முறை பிடிப்பது என்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் நின்று ஆண்களை வேலை வாங்கக் கற்றுக்கொண்டாள். விடுமுறையில் வந்த அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. எவனிடம் பேசினாய், எதற்குச் சிரித்தாய், டிராக்டர்காரன் ஏன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தான் என்று ஆரம்பிக்கும். கேள்வி முடிவதற்குள் கை பேசும்.

அப்பா குடிக்க மாட்டார். குடித்திருந்தால் ஊருக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். திருநீறு பூசிய நெற்றியோடு, சலவைச் சட்டையோடு, முழு நிதானத்தில் அடிப்பார். அடித்த மறுநாள் என்னை வாய்க்கால் கரையில் சைக்கிள் பழக்க அழைத்துப் போவார். சீட்டைப் பிடித்துக்கொண்டே மூச்சிரைக்க ஓடி வருவார். அந்தக் கை விட்டுவிடாது என்று நம்பித்தான் நான் மிதித்தேன். முந்தின நாள் அம்மாவின் தலைமுடியைப் பிடித்திருந்ததும் அதே கைதான். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று ஒரு பழமொழி சொல்வார்கள். அதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன.

ஒரு விடுமுறையில்தான் கிரைண்டர் வந்தது. எங்கள் தெருவில் அதுவே முதல். பெரிய பெட்டி, உள்ளே எவர்சில்வர் சுற்று வைத்த கல், அதற்குள் குழவி. சுவிட்சைப் போட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ஆட்டுக்கல்லில் குனிந்து குனிந்து இடுப்பொடிந்த பெண்கள் வந்து அதைத் தொட்டுப் பார்த்தார்கள். "ஒம் புருசன் ஒன்னை ராணியாட்டம்ல வச்சிருக்காரு" என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா சிரித்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அம்மா கிரைண்டரால் மூடப் பார்த்தாள். அப்பாவின் குரல் ஏற ஆரம்பித்தால் விறுவிறு என்று அடுப்படிக்குப் போவாள். ஊறிக்கொண்டிருக்கும் அரிசியை ஒரு கை அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்து நிற்பாள். அடி வாங்குவதற்கு முன்னால் மானத்துக்கு ஒரு ஏற்பாடு. வெறும் கல்லை ஓடவிட்டால் கல் தேய்ந்துவிடும் என்பதால்தான் அந்த ஒரு கை அரிசி. அந்த நேரத்திலும் கல்லுக்குப் பார்த்தாள்.

ஒருநாள் சாயங்காலம் அவளால் அடுப்படிக்குப் போக முடியவில்லை. அப்பா அவள் கொண்டையைப் பிடித்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்படியைப் பார்த்தாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஓடிப்போய் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அரிசியைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டேன். கிரைண்டர் பிடித்துக்கொண்டது. அம்மாவின் குரல் எனக்கே கேட்கவில்லை.

ராத்திரி தலை பின்னிவிடும்போது அம்மா, "எம்பொண்ணு சமத்து" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அது என் வேலை ஆகிவிட்டது. அப்பா ஊரில் இருக்கும் நாட்களில் பாத்திரத்தில் அரிசி ஊறிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையை வைப்பதற்கு முன்னால் அடுப்படிக்குப் போய் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பேன். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போதும் இன்று அரிசி போட்டோமா என்று மனம் வீட்டுக்கு ஓடும். டீச்சர் என்னை மந்தம் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் மூளை முழுக்க அரிசிதான் ஊறிக்கொண்டிருந்தது.

அந்தப் பரபரப்பில் உளுந்து போடத் தோன்றாது எனக்கு. அரிசி மட்டும்தான். அதுவும் நேரம் காலம் தெரியாமல் ஓடிச் சூடேறிய மாவு. அதைக் கொட்ட மனம் வராமல் அம்மா மறுநாள் இட்லி ஊற்றுவாள். அப்பா பிட்டுப் பார்ப்பார். "என்னடி இது, கல்லாட்டம் இருக்கு? ஊர்க்காரனை வேலை வாங்கத் தெரியுது, இட்லி ஊத்தத் தெரியல?" என்பார். மறுபடியும் ஆரம்பிக்கும். நான் மறுபடியும் முக்காலியை இழுப்பேன்.

ஆக, எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது. நான் உளுந்து போடாததால் இட்லி கல்லாகிறது. இட்லி கல்லானதால் அப்பா அடிக்கிறார். சுவிட்சைப் போடுவதும் நான்தான், ஆகவே யாருக்கும் கேட்பதில்லை, ஆகவே யாரும் வருவதில்லை. மொத்தத்தில் அம்மாவை அடிப்பது நான். பெரியவர்களின் கணக்கு எப்படியோ, ஒரு குழந்தையின் கணக்கு இப்படித்தான் போகும். அதில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்கு வருஷங்கள் ஆயின. இப்போதும் சில நாள் அந்த ஓட்டை அடைத்துக்கொள்ளும்.

தம்பி அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான். சத்தம் ஏறினால் நெல் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வான். படுக்கையை நனைப்பது நின்றிருந்தவன் மறுபடியும் நனைத்தான். பால்வாடியில் பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவைத்தான். பொம்மை லாரியைத் தரையில் மோதி மோதி உடைப்பான். உடைக்கும்போதெல்லாம் வாயால் 'கர்ர்ர்' என்பான். அது லாரியின் சத்தம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கோடையில் ஒரு சாயங்காலம். அப்பா மறுபடியும் சவூதி போக இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. டிராக்டர்காரர் பாக்கி பேச வாசலுக்கு வந்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் உள்ளே ஆரம்பித்துவிட்டது. நான் என் வேலையைச் செய்தேன். கிரைண்டர் ஓடியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது கரண்டு போயிற்று.

அந்த அமைதியை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது. தெருவில் மற்றச் சத்தங்களும் நின்றுபோன அந்த நேரத்தில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "வேணாங்க, புள்ளைங்க பாக்குதுங்க." நான் முக்காலி மேலேயே நின்றேன். சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தேன். அப்போது மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து ஒரு சத்தம் கிளம்பியது. "கர்ர்ர்ர்ர்." தம்பி. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சு முட்டும் வரைக்கும் கத்தினான். மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் கத்தினான்.

அப்பாவின் கை நின்றுவிட்டது. "என்னடா பண்ற?" என்றார்.

"கிரைண்டருப்பா" என்றான் தம்பி.

தெருவே அதைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் வந்தவர் பக்கத்து வீட்டுப் பாயம்மா ஒருவர்தான். கையில் ஒரு பாத்திரம். பாயம்மாவுக்கு ஊரில் பெரிய நல்ல பெயர் ஒன்றும் கிடையாது. கணவர் மலேசியாவில் கடை வைத்திருந்தார். இவருக்குப் பொழுது போக வேண்டும், அதற்கு அடுத்த வீட்டுக் கதை வேண்டும். காலையில் காதில் விழுந்தது மதியத்துக்குள் கூத்தாநல்லூர் கடைத்தெருவில் இருக்கும். அவரைக் கண்டால் அம்மா ஜன்னலைச் சாத்துவாள்.

அந்தப் பாயம்மா கூப்பிடாமலேயே உள்ளே வந்தார். "கொஞ்சம் மாவு குடு தங்கச்சி" என்றார். மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் உதட்டைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "கரண்டு எப்ப வருமோ தம்பி. புள்ளைங்க வேர்த்துப் போயிருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க கொஞ்சம் வாசல்ல காத்தாட உக்காருங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டார். அவன் கால்சட்டை நனைந்திருந்தது. தன் சேலை ஈரமாவதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அப்பா வாசலுக்குப் போனார்.

அவர் வீட்டில் தேத்தண்ணீரும் வர்க்கியும் கொடுத்தார். வதந்தி சேர்க்கிறவர் துருவித் துருவிக் கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. தம்பிக்குத் தன் பேரனின் கால்சட்டையை மாட்டிவிட்டார். ஒரு முறத்தில் புளியைக் கொட்டி எங்கள் முன்னால் வைத்து, "கொட்டை எடுங்க" என்றார். நாங்கள் எடுத்தோம். கை வேலையில் இருந்ததால்தானோ என்னவோ, எனக்கு வாய் திறந்துகொண்டது.

"நாந்தான் பாயம்மா உளுந்து போடல" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி, முக்காலி, சுவிட்சு, கல் இட்லி. கேட்டுக்கொண்டே இருந்தவர் புளியைத் தள்ளி வைத்தார்.

"உளுந்து போடலன்னா இட்லி கல்லாத்தான் வரும். அதுக்கு எவனும் எவளையும் அடிக்கணும்னு கெடையாது. எங்க வூட்டு இட்லிய நீ தின்னுருக்கியா? செவுத்துல அடிச்சா செவுரு ஒடையும். அந்த மனுசன் மூணு வருசத்துக்கு ஒருக்கா வந்து வாயத் தொறக்காம தின்னுட்டுப் போறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தேன். அவர் அழாதே என்று சொல்லவில்லை. அழுது முடித்ததும் என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "அடிச்சது ஒங்க அத்தா. நீ இல்ல. தம்பியும் இல்ல. ஒங்கம்மாவும் இல்ல. இனிமே நீ அந்தச் சுவிட்சப் போடாத. சத்தம் வந்தா தம்பியக் கையில புடிச்சுக்கிட்டுக் கொல்லைப் பக்கமா இங்க வந்துரு. கதவு தொறந்துதான் கெடக்கும். மத்தத நான் பாத்துக்கறேன்."

கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல், "ஒங்க வூட்டுல அந்த மெசின் ஓடுனா நான் ரேடியாவப் பெருசா வச்சுருவேன். நமக்கென்னன்னு இருந்துட்டேன்" என்றார். நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சொன்னபடியே செய்தார். அதற்கப்புறம் சத்தம் ஏறிய நாட்களில் நாங்கள் கொல்லைப் பக்கமாக ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் அவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்குப் போவார். மாவு, தயிர், கறிவேப்பிலை என்று எதையாவது கேட்டுக்கொண்டு நகராமல் நிற்பார். அம்மாவோ அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். "ஊரைக் கூட்டிட்டாளே" என்று பொருமினாள். கொல்லைப் படலை எங்களுக்குத் தெரியாமல் கட்டிவைத்தாள். தம்பியை முதலில் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு நான் ஏறிக் குதித்தேன். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்பா விமானம் ஏறப் போனார். அவரை வழியனுப்பிவிட்டு வந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் வயிறார நன்றாகச் சாப்பிட்டோம். நன்றாகச் சாப்பிட்டதற்காக நான் பாயில் படுத்து அழுதேன். அவர் வந்த வருடங்களில் எல்லாம் அடி தொடர்ந்தது. கை தளர்ந்ததால் ஒருநாள் நின்றது, திருந்தியதால் இல்லை. இப்போது அவர் இல்லை. பாயம்மாவும் இல்லை. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவான். ஒருமுறை மட்டும் வைக்காமல் சொன்னான்: "நானும் கை நீட்டிருவனோன்னு பயமா இருக்குக்கா." பயப்படுகிறவன் நீட்டமாட்டான் என்று சொன்னேன். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். மாடி வீட்டுச் சத்தம் அவளுக்கும் கேட்கும். அவள் ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எங்களுக்குள் அந்த வருடங்களைப் பற்றிப் பேச்சே கிடையாது.

போன மாதம் ஒரு சாயங்காலம் மேலே டிவி ஏறியது. நான் வழக்கம்போல ரிமோட்டை எடுத்தேன்.

"வேணாம், வையி" என்றாள் அம்மா.

வைத்தேன். மேலே ஏதோ விழுந்து உருண்டது. அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ சுவிட்சப் போடுவல்ல, அந்தச் சத்தம் கேட்டா எனக்கு ஒரு நிம்மதி. எம்புள்ள அடுப்படியில இருக்கு, இங்க இல்ல, இதப் பாக்கலன்னு நெனச்சுக்குவேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை வருடத்துக் கோபம். "அடுப்படியில நின்னா தெரியாதாம்மா? எல்லாந் தெரிஞ்சுது. நான்தான் ஒன்ன அடிக்க வக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். உளுந்து போடாம விட்டதால அடி விழுதுன்னு நெனச்சேன்" என்று கத்திவிட்டேன்.

அம்மா என்னையே பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது. இத்தனை காலமும் தெரியாமல் இருந்திருக்கிறது. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். அலசிய பாத்திரம் ஒன்றோடு வந்தாள்.

"வா. மாவு கேக்கலாம்."

"பிரிட்ஜுல பாக்கெட் மாவு இருக்கும்மா."

"அது அவங்களுக்குத் தெரியுமாக்கும்?"

மூட்டுவலிக்காரி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினாள். நான் பின்னால் போனேன். மணி அடித்தது உள்ளே கேட்கவில்லை. அம்மா உள்ளங்கையால் கதவைத் தட்டினாள், நிறுத்தாமல் தட்டினாள். கதவு கொஞ்சமாகத் திறந்தது. அந்தக் குழந்தை நின்றாள். கையில் ரிமோட். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள், காலையில் சிரிக்கிற அதே சிரிப்பு.

"ஸாரி ஆன்ட்டி. நான்தான் சத்தமா வச்சுட்டேன். என் தப்புதான்" என்றாள்.

உள்ளே இருந்து, "யாரது?" என்று அப்பாக்காரரின் குரல் வந்தது. "கீழ் வீடு. மாவு வேணும்" என்று அம்மா உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு, வலிக்கிற முழங்காலை மடக்கிக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தாள். அவள் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி என்னிடம் கொடுத்தாள். நான் சத்தத்தைக் குறைத்தேன். உள்ளறையில் ஒரு பெண் அழுதுகொண்டிருப்பது நன்றாகவே கேட்டது.

"இல்லடி கண்ணு" என்றாள் அம்மா. "ஒந் தப்பு இல்ல. ஒருநாளும் ஒந் தப்பு இல்ல."

குழந்தையைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் அவளுடைய இன்னொரு கை என் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்திருந்தது.